ஓட்டட்டுமா?

தம்பி செத்து இருபத்தாறு நாள் ஆயிற்று. எனக்கு ஒன்றுமில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆனால் சோறு தொண்டையில் நின்றுவிடுகிறது, இடது கை சும்மாவே மரத்துப்போகிறது, பூட்டிய கதவைப் பூட்டினேனா என்று மூன்று தடவை போய்ப் பார்க்கிறேன். துக்கம் மனசோடு சரி என்று சொல்பவனை ஒரு வாரம் என் உடம்பில் குடிவைக்க வேண்டும்.

எங்களுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. ஒருவர் உச்சியில் மோட்டார் அறையில், இன்னொருவர் கீழே லிஃப்ட் ஏறி இறங்கும் குழிக்குள், பெட்டியின் கூரைமேல். பதினான்கு வருடம் அங்கே நின்றவன் தம்பி. இரும்புக் கயிறு இறங்கும் ஓட்டை வழியாக நான் "ஓட்டட்டுமா?" என்று கத்துவேன். அவன் தொண்டையைச் செருமிவிட்டு "ஓட்டு" என்பான். பெட்டியின் கூரைமேல் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அதை அமுக்கிவிட்டால் நான் மேலே தலைகீழாக நின்றாலும் லிஃப்ட் அசையாது. அமுக்கிவிட்டுத்தான் வேலை செய்ய வேண்டும் என்பது விதி. எங்களுக்கு எதற்கு அதெல்லாம், வாய்வார்த்தை போதும் என்று கொழுப்பெடுத்துத் திரிந்தோம். அவனை லிஃப்ட் ஒன்றும் செய்யவில்லை. வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன்தான்.

இப்போது அந்த இடத்தில் என் மைத்துனன், மனைவியின் தம்பி. "இன்னும் நாலு நாள் லீவு போடுங்களேன் மாமா" என்று காலையில் சொன்னான். "உன் வேலையைப் பாருடா" என்று எரிந்து விழுந்தேன்.

ஒன்பது மாடி அலுவலகக் கட்டடம். படியேறி வந்தவர்கள் எல்லாம் காவலாளியைத் திட்ட, அவர் என்னைப் போனில் பிடுங்கி எடுத்தார். மைத்துனன் பெட்டியோரத்தில் ஒரு போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தான்.

"ஓட்டட்டுமா?"

செருமல் கேட்டது. "ஓட்டு."

மோட்டாரை ஓட்டும் பொத்தானை அமுக்கினேன். மோட்டார் சுற்றவில்லை. சனியன் என்று திட்டிவிட்டு மறுபடி அமுக்கினேன். மூன்றாவது தடவை உள்ளங்கையால் ஓங்கி அறைந்தேன்.

"மாமா! என்ன பண்றீங்க? என் கை உள்ள இருக்கு!"

"நீதானடா ஓட்டச் சொன்னே?"

"நான் வாயே தெறக்கல மாமா!"

அவனுக்குச் செருமும் பழக்கமே கிடையாது. அது அப்போதுதான் உறைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

மேலேறி வந்தவனின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கிரீஸ் அப்பியிருந்தது, விரல் ஐந்தும் இருந்தன.

"சிவப்புப் பொத்தானை அமுக்கியிருந்தியா?"

"ஒரு வாரமா அமுக்கிட்டுத்தான் நிக்கிறேன். அக்காதான் சொல்லுச்சு. தூக்கத்துல நீங்க 'ஓட்டட்டுமா'ன்னு கேக்குறீங்களாம். அப்புறம் செருமிட்டு, நீங்களே 'ஓட்டு'ன்னும் சொல்றீங்களாம்."

அறைச் சாவியை அவன் சட்டைப்பையில் போட்டேன். "வேற ஆளைப் பாத்துக்கோ. இனி நான் மேல நிக்கமாட்டேன்."

"கொஞ்ச நாள்தான் மாமா. எல்லாம் சரியாயிடும்."

கொல்லப் பார்த்தவனுக்கு ஆறுதல் சொல்கிறான். எனக்கு அழுகை முட்டியது. சரியாகிவிடக் கூடாது என்று அவனிடம் எந்த வாயால் சொல்வேன்? சரியாகிவிட்டால் என் தம்பி எனக்குப் பதில் சொல்ல மாட்டானே.