மேல் லயத்துத் தண்ணீர்

“யாரக் கேட்டுடி மூடுன?”

“கான்ல சும்மா போய்க்கிட்டு இருந்திச்சு பெரியம்மா, அதான் ஒரு—”

“சும்மா போவுதுன்னு ஒனக்கு யாரு சொன்னா? எங்க லீக்ஸுக்குப் போற தண்ணி—”

“—ஒரு திருகுதான் திருகினேன்! மூடக்கூடாதுன்னா எதுக்கு பைப்பு மாட்டி வச்சிருக்கீங்க?”

“வாளியில ஒழுங்கா விழுறதுக்கு! மூடுறதுக்கா மாட்டுவாங்க?”

பேச்சியம்மாவுக்கு இதில் சந்தேகமே கிடையாது. தேயிலைத் தோட்டத்து மேல் லயத்து வரிசையில் கடைசி வீடான அவள் வீட்டுக்கு, மலை ஊற்றிலிருந்து ஹோஸ் வழியாகத் தண்ணீர் வருகிறது. இராப்பகலாக விழும். பெரல் பீப்பாயை நிரப்பி, வழிந்து, கான் வாய்க்காலில் ஓடி, அவள் புருஷன் முத்துலிங்கத்தின் லீக்ஸ் காய்கறிப் பாத்திக்குப் போய்ச் சேரும். கீழே பைப்பை மூடினால் ஹோஸ் உப்பி, நடு மலையில் ஒட்டுப் போட்ட இடத்தில் பிய்த்துக்கொள்ளும். அதனால் அந்த வீட்டில் யாரும் அதை மூடியதில்லை.

கீழே இருக்கும் பணிய லயத்துத் தனுஜாவுக்கு இது தெரியாது. அந்த லயத்துக்குப் பொதுவான தண்ணீர்ப் பீலி மாசி வெயிலில் வற்றிவிட்டது. ஒரு வாளி பிடிக்க மேலே ஏறி வந்தவள், பிடித்ததும் பொறுப்பாகத் திருகி மூடிவிட்டாள். இப்போது திறந்தால் காற்றுதான் வருகிறது.

இருவருமாகத் தேயிலைக்குள் ஏறிப் பார்த்தார்கள். மூட்டு இரண்டாகப் பிளந்து, தண்ணீர் தேயிலைத் தூர்களுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வெறுங்கையோடு நிற்பதே பெரும்பாடான சரிவு. வாளியோடு இறங்க வழியில்லை.

பேச்சியம்மா ஹட்டனுக்குப் போயிருந்த முத்துலிங்கத்துக்குப் போன் எடுத்தாள்.

“நஸீர் நானா கடையில ஹோஸுக்கு ஒரு ஜொயின்ட் வாங்கிட்டு வாங்க.”

“மூடிட்டியா?”

“நான் மூடல.”

“பின்ன யாரு, சிறுத்தை வந்து மூடிச்சா? அந்தி பஸ்ஸுக்குத்தான் வருவேன்.”

பாதியாக வெட்டிய பெரலில் கிடந்ததுதான் வீட்டில் இருந்த தண்ணீர். தனுஜா தன் வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கப் போனாள். பேச்சியம்மாவுக்கு மனதில் கிடந்தது அப்போது வெளியே வந்துவிட்டது.

“ஒம் மாமிக்கு எம்மேல என்னா கோவம்? ரெண்டு தடவ வந்தேன். தூங்குதுன்னு வாசல் இஸ்தோப்போடயே அனுப்பிட்ட.”

தனுஜாவின் மாமியார் செவனம்மாவும் பேச்சியம்மாவும் பக்கத்துப் பக்கத்து நிரையில் நின்று கொழுந்து பறித்தவர்கள். தீபாவளிக்கு முன்னால் வழுக்கி விழுந்த செவனம்மா இன்னும் எழும்பவில்லை.

தனுஜா வாளியைக் கீழே வைத்தாள்.

“கோவம் இல்ல பெரியம்மா. எல்லாம் படுக்கையிலதான் போவுது. துணி அலசத் தண்ணி பத்தல. வீடே வாட. பேச்சி வந்தா உள்ள விட்றாத, நான் இப்படிக் கெடக்குறத அவ பாக்க வேணாம்னு மாமி அழுவுது.”

பேச்சியம்மா தன் வாளியைப் பெரலுக்குள் அமிழ்த்தி நிறைத்தாள்.

“இந்தா. இதையும் கொண்டு போ.”

“அந்திவரைக்கும் ஒங்களுக்கு?”

“இருக்கு, போ. மொதல்ல சவுக்காரம் போட்டுத் தேச்சி வச்சிட்டு, கடைசியா அலசு. அள்ளிக் கொட்டாத.”

“அள்ளிக் கொட்ட நான் எங்க பெரியம்மா தண்ணியக் கண்டேன்? நீங்க எனக்குச் சொல்லித் தாறீங்க!”

“ஒங்க பீலிதான் வத்திச்சு. ஒன் வாய் வத்தல.”

தனுஜா சிரித்துக்கொண்டே இரண்டு வாளியோடும் இறங்கினாள்.

பகல் முழுதும் பேச்சியம்மாவின் கை பழக்கத்தில் பைப்பைத் தேடிப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. நெத்தலி கழுவப் போனாள், திரும்பினாள். அரிசி களைந்த தண்ணீரைச் சட்டியில் பிடித்து, அதில் பாத்திரங்களை ஊறவைத்தாள். பேசனில் தேய்த்து, ஒரு செம்பு நல்ல தண்ணீரில் அலசினாள். மிச்சத்தைக் கொண்டுபோய் லீக்ஸில் ஊற்றினாள். முகம் கழுவ ஒரு கோப்பை போதுமாக இருந்தது. அந்தியில் எட்டிப் பார்த்தால் பெரலில் இன்னும் தண்ணீர் கிடக்கிறது. இத்தனை நாள் கானில் விட்டதை நினைக்க அவளுக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

முத்துலிங்கம் வந்து, ஏறி, ஜொயின்டை மாட்டினார். பைப்பு இருமியது, சிவப்பாகத் துப்பியது, பிறகு தெளிந்து விழுந்தது. பெரல் நிறைந்து வழியத் தொடங்கியது.

“கானுக்குப் போறத ஒரு ஹோஸ்ல பிடிச்சி பணிய லயத்துக்கு விடுங்க,” என்றாள்.

“அப்ப லீக்ஸு?”

“கழுவுன தண்ணி எல்லாம் அதுக்குத்தான். இன்னைக்கும் அதத்தான் ஊத்துனேன்.”

“நெத்தலித் தண்ணியிலயா? என் லீக்ஸ அப்புறம் சந்தையில எவன் வாங்குவான்?”

“லீக்ஸு கூச்சப்பட்டு அழுவுதா?”

அவர் புரியாமல் பார்த்தார். செவனம்மா சொன்னதை அவள் சொன்னாள். அவர் சமையல் குசினிக்குப் பின்னால் போய், சுருட்டி வைத்திருந்த பழைய ஹோஸை எடுத்து உதறினார்.

அந்த வாரம் பணிய லயத்துக் கொடியில் தினமும் துணி ஆடியது. ஞாயிற்றுக்கிழமை தனுஜா மேலே வந்தாள். கையில் வாளி இல்லை. பேச்சியம்மா பேசனுக்கு முன்னால் குந்தியிருந்து சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னாடி, தண்ணி வரலியா?”

“வருது பெரியம்மா. மாமிக்குத் தலைக்கும் ஊத்தியாச்சு. பேச்சி ஏன் இன்னும் வந்து பாக்கலன்னு மாமி கேக்குது.”