மார்வே பாறை

அறுபத்து மூன்றாம் வருஷம் பம்பாயில் எங்கள் தோல் பட்டறையில் மோட்டார் பழுதாகி நான்கு நாள் வேலை நின்றது. ஊருக்குப் போகலாமென்று திருநெல்வேலிக்கு ரயில் ஏறினால் போய்ச் சேரவே அந்த லீவு சரியாகிவிடும்.

"மார்வேல எங்க மச்சான் ஒரு சேட்டு பங்களாவுக்குக் காவல் இருக்கான். போயி தின்னுட்டுத் தூங்கிட்டு வருவோம், வாரும் வே" என்றான் ஜெயினுலாப்தீன். தாராவியில் அவன் என் பக்கத்து அறை, பட்டறையில் தோல் ஊறவைப்பதில் என் பக்கத்துத் தொட்டி. மலாடில் இறங்கி பஸ் பிடித்து மார்வே கடற்கரைக்குப் போனோம். தோல் நாற்றம் இல்லாத காற்றில் முதல் நாள் முழுக்கத் தூங்கினோம்.

மறுநாள் மதியம் கடல் வெகுதூரம் உள்வாங்கிக் கிடந்தது. ஈர மணலில் நடந்தே போய் ஒரு பெரிய பாறையில் ஏறினோம். மீனும் சோறும் தின்ற வயிறு. இங்கேயே படுப்போம் என்றான்.

"தண்ணி வந்துட்டா?"

"இசக்கிமுத்து, உமக்குக் கடலப் பத்தி என்ன தெரியும்? நான் காயல்பட்டினத்தான். எங்க கடலு காலைல கெடக்க எடத்துலதான் அந்திக்கும் கெடக்கும்."

தாராவியை ஒட்டிய மாகிம் உப்பங்கழியில் தண்ணீர் ஏறி இறங்குவதைத் தினமும் பார்ப்பவன்தான். கேட்டால் அது சாக்கடை, கடல் இல்லை என்பான். நானோ சங்கரன்கோவில் கரிசல்காட்டான், குளத்தில் முழங்கால் தண்ணீர் பார்த்தாலே பெரிய விஷயம். அவனை நம்பிப் படுத்தேன்.

காலில் ஏதோ குளிர விழித்தேன். நடந்து வந்த மணலைக் காணோம். சுற்றிலும் பழுப்புத் தண்ணீர், கரை எங்கோ கிடந்தது.

"நீராவது நீந்திப் போயி ஆளக் கூட்டியாரும் வே!" என்று அவன் முதுகைத் தள்ளினேன். அவன் நகரவில்லை. என்னைத் தனியே விட மனமில்லாமல் நிற்கிறான் என்று நினைத்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"எனக்கு நீச்சல் தெரியாது வே" என்றான்.

அந்த நேரத்திலும் அவனைப் பிடித்துத் தள்ளிவிடலாமா என்று ஆத்திரம் வந்தது. கடல் என்று வாயைத் திறந்தால் மூடாத பயல்! தண்ணீர் முழங்காலைத் தாண்டி இடுப்புக்கு ஏறியது. ஒவ்வொரு அலைக்கும் கால் வழுக்கியது. ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினோம்.

சின்னத் தோணியில் ஒரு மீனவர் வந்தார். பாதித் தோணியை வலை அடைத்திருந்தது. ஒருவர்தான் ஏறலாம், அடுத்தவரைத் திரும்ப வந்து ஏற்றிக்கொள்கிறேன் என்றார். நான் வாய் திறப்பதற்குள் ஜெயினுலாப்தீன் என்னைத் தூக்கி உள்ளே போட்டான்.

"இவரக் கொண்டு போங்க. எனக்கு நீச்சல் தெரியும்" என்று அவரிடம் இந்தியில் சொன்னான்.

தோணி நகர்ந்துவிட்டது. பொய், பொய் என்று கத்தினேன். எல்லாம் தமிழ். பத்து வருஷம் பம்பாயில் பேசிய இந்தி அந்தப் பயத்தில் ஒரு சொல் கூட வரவில்லை. நான் பயந்து உளறுவதாக நினைத்து அவர் என் தோளை அழுத்தி உட்காரவைத்தார். பாறையில் அவனுக்குத் தண்ணீர் நெஞ்சு வரை ஏறியிருந்தது, பிறகு கழுத்து வரை. நாங்கள் திரும்பி வரும்போது அவன் இருக்கமாட்டான்.

துடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். தோணி ஆடியது. மீனவர் அடிக்கக் கை ஓங்கி, என் முகத்தைப் பார்த்தார். பிறகு பாறைப் பக்கம் பார்த்தார். வலையை வாரித் தூக்கிக் கடலில் எறிந்துவிட்டுத் தோணியைத் திருப்பினார்.

கழுத்தளவுத் தண்ணீரிலிருந்து அவனை இழுத்துப் போட்டோம். கரை தட்டிய பிறகும் நான் அவன் மணிக்கட்டை விடவில்லை.

"விடும் வே, கை வலிக்கி" என்றான்.

நான் விடவில்லை.