ஊறுகாய்ப் புல்

நீல டிரம்மின் மூடி மேலிருந்த கல்லை இறக்கப் போனவள் இரண்டு தடவை கையை எடுத்துக்கொண்டாள். காலையில் அப்பாவின் காலிலிருந்த மண்ணைத் துடைத்தபோதுகூடத் தயங்காத கை.

தொழுவத்தில் நான்கு மாடுகளும் கத்திக்கொண்டிருந்தன. விடிந்ததும் புல்லறுக்கப் போன அப்பா, அரைக் கட்டு அறுத்துவிட்டு அதன் மேலேயே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு, அங்கேயே முடிந்துவிட்டது என்றார்கள். தூக்கி வந்தவர்களுக்குப் புல்லைத் தூக்கி வர நினைவில்லை. பிறகு போய்ப் பார்த்தபோது யாருடைய ஆடுகளோ அதை முடித்துவிட்டிருந்தன. வைக்கோல் போன வாரமே தீர்ந்தது. மழையில்லாத வருஷம், பக்கத்து வீட்டில் கேட்டால் அவர்கள் தங்கள் மாட்டின் வாயிலிருந்துதான் பிடுங்கித் தரவேண்டும்.

மிச்சமிருந்தது இந்த டிரம்தான். கால்நடை ஆஸ்பத்திரியில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்வந்து அவள் போட்டது. பச்சை மக்காச்சோளத் தட்டையை நறுக்கி, காற்றுப் போக மிதித்து, இறுக மூடிய ஊறுகாய்ப் புல். அவள் உள்ளே இறங்கி மிதித்ததை அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

"மாட்டுக்கு ஊறுகாயா? அப்புறம் கை கழுவத் தண்ணி கேக்குமா?"

அதற்கு அவளும் சிரித்தாள். அடுத்து அவர் சொன்னதற்குச் சிரிக்க முடியவில்லை. சினை மாடு நிற்கிற தொழுவம், பூஞ்சை பிடித்த ஒரு பிடி உள்ளே போனால் கன்றும் தங்காது, மாடும் தங்காது என்றார். பயிற்சி கொடுத்த டாக்டரும் அதையேதான் சொல்லியிருந்தார். என்ன, அவர் படம் போட்டுச் சொன்னார். நாற்பத்தைந்து நாளில் திறக்க வேண்டியதை ஐம்பத்தைந்தாம் நாளாகியும் அவள் திறக்கவில்லை. அப்பாவுக்காகத்தான் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தாள். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியவளுக்கு மூடியைத் திறக்கத் தைரியமில்லை என்று எப்படிச் சொல்வது?

சற்று முன் அம்மாதான் அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "அதுங்களுக்கு ஏதாவது வைடி. இப்படிக் கத்தினா அவரால நிம்மதியா படுத்திருக்க முடியாது."



துக்கத்துக்கு வந்திருந்த பால் வண்டிக்காரர் மெதுவாக ஆரம்பித்தார். "அதான் பாப்பா டிரம்முல போட்டு வச்சிருக்கே. அவங்கப்பா என்கிட்டகூட சொன்னாரு, நான் இருக்கிற வரைக்கும் அதை மாட்டுக்கு வைக்க விடமாட்டேன்னு..."

சொன்னது என்னவென்று அவருக்கே அப்போதுதான் உறைத்தது. காலித் தம்ளரை எடுத்து மறுபடியும் ஒருமுறை குடித்தார்.

மூடி திறந்தது. புளித்த வாசம் முகத்தில் அடித்தது. மேலே ஒரு சாண் கறுத்திருந்தது. அள்ளித் தூர எறிந்தாள். அடியில் பச்சையா, மஞ்சளா, பழுப்பா? டாக்டர் காட்டிய படத்தில் நல்லது மஞ்சளாகத்தான் இருந்தது, ஆனால் அங்கே வெயில் அடித்தது. இங்கே நிழல். ஒரு துணுக்கை வாயில் போட்டு மென்றாள். புளித்தது. மாடாகப் பிறக்காததால் அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை.

முதலில் யாருக்கு? கறவை இரண்டும் வீட்டுக்குச் சோறு. சினைமாட்டை நினைக்கவே கூடாது. மிஞ்சியது, பால் வற்றியும் அப்பா விற்காமல் வைத்திருந்த கிழட்டுப் பசு. நிரப்பி வந்த கூடையைக் கீழே வைத்துவிட்டு அதன் முன்னால் இரண்டு பிடி போட்டாள். அது முகர்ந்தது, அப்பாவைப் போலவே முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவள் அதன் வாயையே பார்த்தபடி நின்றாள்.

"அப்பாவைக் கொண்டுபோக வண்டி வந்திருச்சு. முகம் பாக்க வா," வாசலிலிருந்து அவள் அண்ணன் கூப்பிட்டான்.

திரும்பினாள். சினைமாடு கயிற்றை முழுநீளத்துக்கும் இழுத்து, கூடைக்குள் தலையை விட்டிருந்தது. பாய்ந்து பிடுங்கினாள். கூடை வந்தது, உள்ளே இருந்ததில் பாதி வரவில்லை. அப்பாவையும் கேட்காமல் டாக்டரையும் கேட்காமல் அது முடிவெடுத்துவிட்டது. இனி எதைக் காப்பாற்ற? மீதியை மற்றவற்றுக்கும் பிரித்துப் போட்டாள்.

சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவியும் கையிலிருந்து வாசம் போகவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அப்பாவின் தலைமாட்டில் போய் நின்றாள். தொழுவத்திலிருந்து சத்தமே இல்லை. யாரோ, அப்பாடா என்றார்கள். தின்பதால் வந்த அமைதியா, இல்லை வேறா? தூக்கும் நேரம் வந்ததும் எல்லோரும் குரலெடுத்து அழுதார்கள். அதில் எதுவும் கேட்கவில்லை.

அம்மாதான் பாதி அழுகையில் நின்றாள். "என்னடி, மாட்டுச் சத்தத்தையே காணோம்?"

"தின்னுதுங்க."

அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். அப்பாவை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் பின்வாசல் பக்கம் காதைத் திருப்பி நின்றார்கள்.