தொட்டியில் வளர்ந்த சாரே

காஜா பெராங் குடியிருப்பில் கருணாகரன் வாடகைக்கு இருந்த அறையில் பாதி இடத்தை ஒரு கண்ணாடித் தொட்டி பிடித்துக்கொண்டிருந்தது. உள்ளே கடல்நீர், மீனவர்களிடம் சொல்லிவைத்து வாங்கிய பவளக் கற்கள், சாமந்திப்பூப் போல விரியும் ஒரு கடலுயிர், அதற்குள் ஒளிந்து விளையாடும் இரண்டு மீன்கள். மலாய் நாடு சுதந்திரம் பெற்ற ஆண்டு அது. பகலில் ரப்பர் கிடங்கில் எழுத்து வேலை, மாலையில் படிப்பு வகுப்பு, மிச்ச நேரமெல்லாம் தொட்டிக்கு.

மீன்கழிவுதான் பெருந்தொல்லை. மணலும் கரியும் நிரப்பிய பெட்டி வழியாக நீரை ஓடவிட்டுப் பார்த்தான். கண்ணுக்குத் தெரிந்த அழுக்கு பெட்டியில் தங்கியது; நீரில் கரைந்தது தங்கவில்லை. கற்களின்மேல் பழுப்பாக வழவழப்பு படர்ந்தது. பிறகு ஒரு பழைய சஞ்சிகையில் படித்தபடி, பக்கத்தில் சிறு தொட்டி வைத்து, நீரை அதன் வழியே ஓடவிட்டு, விளக்குப் போட்டு, கடற்பாசி வளர்த்தான்; ஊரார் சாரே என்று பிசறித் தின்னும் வகை. கரைந்த அழுக்கைக் குடித்துப் பாசி கொழுத்தது. கொழுத்ததைக் கிள்ளி வெளியே போட்டால் அழுக்கும் அதோடு போய்விடும். கற்கள் தெளிந்தன.

ஒரு ஞாயிறு காலை, கிள்ளிய பாசியை பேசினில் அள்ளிக்கொண்டு குப்பைக்குழிக்குப் போனான். வேலிக்கு அந்தப்பக்கம் அடுத்த வீட்டுச் சந்திரமதி நின்றாள். தலைமுறைகளாக இங்கேயே வாழும் செட்டி குடும்பத்துப் பெண், பேசுவது மலாய்தான்; அத்தை என்ற பொருளில் அவளை 'மக்சிக்' என்றே அவன் அழைப்பான்.

"அது சாரேதானே, தம்பி? இவ்வளவு செழிப்பாக நான் சந்தையில்கூடப் பார்த்ததில்லையே! யாருக்கு?"

அந்த வீட்டிலிருந்து எத்தனை முறை கறிக் கிண்ணம் வந்திருக்கிறது! ஒவ்வொரு முறையும் வெறுங்கிண்ணத்தைக் கழுவி நீட்டியவன் அவன். "உங்களுக்குத்தான், மக்சிக்" என்று வாய் முந்திக்கொண்டது.

"அப்படியானால் ராத்திரிச் சாப்பாடு இங்கேதான்" என்று பேசினை வாங்கிக்கொண்டாள் அவள்.

இரவு, தேங்காயும் மிளகாயும் எலுமிச்சையும் சேர்த்துப் பிசறிய சாரே நடுவில் வந்து அமர்ந்தது. பிள்ளைத்தாய்ச்சி மருமகள் சீதா முதல் ஆளாகக் கை நீட்டினாள். உண்மையைச் சொல்ல கருணாகரன் வாயைத் திறந்தான். "எனக்கு இது ரொம்பப் பிடிக்கும்" என்றுதான் வந்தது. கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து மொத்தத்தையும் தட்டில் கவிழ்த்துக்கொண்டான்.

"வகுப்பில் பசியாறக்கூட விடமாட்டார்களா, தம்பி?" என்று சீதா கேட்க, வீடே சிரித்தது. தலையைத் தூக்காமல் கடைசி இழைவரை தின்று முடித்தான்.

விடைபெறும்போது சந்திரமதி பேசினைக் கழுவிக் கொண்டுவந்தாள். "இவ்வளவு பிடிக்கும் என்று தெரியாமல் போயிற்றே. அடுத்த வாரமும் கொடு, செய்து தருகிறேன்."

அதற்குமேல் அவனால் மறைக்க முடியவில்லை. "மக்சிக், அது மீன்தொட்டியில் வளர்ந்தது. மீன்கழிவைக் குடித்து வளர்ந்தது. எறியத்தான் எடுத்துப் போனேன்."

அவள் சிரிப்பு மெல்ல அணைந்தது. "கொடுக்கும்போதே தெரியுமா?"

"தெரியும். சீதா சாப்பிட்டுவிடக் கூடாதென்றுதான் எல்லாவற்றையும் நானே..."

"மத்தியானமே சீதா ஒரு தட்டு சாப்பிட்டுவிட்டாள், தம்பி. ஆசையாகக் கேட்டாள்."

பேசினை அவன் கையில் வைத்துவிட்டு உள்ளே திரும்பினாள்.

"மாமி, அடுத்த வாரமும் சாரே வருமா?" சீதாவின் குரல் வாசல்வரை கேட்டது.

பதிலைக் கேட்டு நிற்க கருணாகரனுக்குத் துணிவில்லை. பேசினை மார்போடு அணைத்துக்கொண்டு விடுவிடுவென்று நடந்தான்.