பாட்டுப் பெட்டியில் ஆறாம் பக்கம்

"கொம்பு ஒரு வரியில நிக்குது, எழுத்து அடுத்த வரியில கிடக்குது. யாருடி இதை எழுதினது?" என்றாள் அக்கா.

"நான் எழுதலைக்கா. யாரோ எழுதி வச்சது. நான் சரி பண்ணிக்கிட்டிருக்கேன்."

"அப்ப அந்த யாரோ புரூஃப் பார்க்கலை."

அக்கா முப்பத்திரண்டு வருஷம் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவள். நான் அதே முப்பத்திரண்டு வருஷம் தொலைபேசி இணைப்பகத்துக்கு மென்பொருள் எழுதியவள். இரண்டு பேருக்கும் வேலை ஓய்ந்தது. அவள் தனியாக இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு என்னோடு வந்து மூன்று வருஷம் ஆகிறது.

அவள் கழுத்தில் எப்போதும் ஒரு பாட்டு ப்ளேயர் தொங்கும். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரியது. திரை இரண்டு விரல் அகலம். செல்போனில் படியேன் என்று சொல்லிப் பார்த்தேன். "அது வழுக்குது. ஒண்ணைத் தொட்டா ஒம்பது திறக்குது. இதுல பட்டன் இருக்கு, எண்ணி அமுக்கலாம்" என்றாள். பாட்டுக் கேட்டுக்கொண்டே கதையும் படிக்க வேண்டும் அவளுக்கு. ப்ளேயரில் அதற்கு ஒரு சின்னப் பகுதி இருந்தது. இருந்தது என்று பெயர்தான். வரி திரையைத் தாண்டி ஓடிவிடும், சொல் பாதியில் வெட்டுப்படும், ஒவ்வொரு முறையும் முதல் பக்கத்திலிருந்து தொடங்கும்.

யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம் என்று பொதுவில் விட்டிருந்த மென்பொருள் அது. சும்மா இருந்த கைக்கு வேலை கிடைத்தது. நான் திருத்துவேன், அக்கா படித்துப் பார்ப்பாள். நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் பக்கம், வரி, பிழை என்று எழுதிச் சாப்பாட்டு மேசையில் உப்பு டப்பாவுக்கு அடியில் வைப்பாள். வாயால் சொல்ல மாட்டாள். "வாயால சொன்ன திருத்தம் காத்தோட போயிடும்" என்பாள்.

கொம்பைச் சரி செய்தேன். சொல்லை முழுசாக மடித்தேன். எழுத்தைப் பெரிதாக்கினேன். மறுபடி தாள் வந்தது: இன்னும் பெரிதாக. செய்தேன். மறுபடி: இன்னும்.

"அக்கா, கண் டாக்டர்கிட்ட போனியே, என்ன சொன்னார்?"

"கண்ணு இருக்குன்னு சொன்னார்."

"விளையாடாதே."

"நீ எழுத்தைப் பெரிசு பண்ணு. டாக்டர் வேலையை டாக்டர் பார்ப்பார்."

அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. அவளுக்காகப் பயந்தேன் என்று எழுத ஆசைதான். எனக்காகத்தான் பயந்தேன். பார்வை போனவளைக் குளிக்க வைத்து, மாத்திரை எடுத்துக் கொடுத்து, கையைப் பிடித்து நடத்தி, என் மிச்ச வருஷமெல்லாம் அதிலேயே போய்விடுமே என்று.

எங்கள் தம்பிக்கு ஒரு கடிதம் எழுதினேன். எழுதி இரண்டு நாள் ஆறப் போட்டு அனுப்புவது என் வழக்கம். அதனால் கடிதம் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலாகக் கிடந்தது. அந்தச் சமயத்தில்தான் அக்கா கடைசியாகக் கேட்டதை முடித்திருந்தேன்.

"கதவைத் திறந்தா எந்த அறைன்னு தேடக் கூடாதுடி. விட்ட இடத்துலயே திறக்கணும்" என்று கேட்டிருந்தாள். பட்டனை அமுக்கினால் கடைசியாகப் படித்த ஃபைல், கடைசியாகப் படித்த பக்கம், நேராக வந்து நிற்க வேண்டும். அவள் தூங்கி எழுந்து வருவதற்குள் ப்ளேயரில் ஏற்றிச் சோதித்தேன். சோதிக்க நீளமான வாக்கியங்களோடு ஒரு ஃபைல் தேவைப்பட்டது. கைக்கு எட்டிய ஃபைலைப் போட்டேன். ஆறாம் பக்கம் வரை போனேன், அணைத்தேன், மறுபடி போட்டேன். ஆறாம் பக்கமே வந்தது. சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினேன். தட்டிய கையோடு ப்ளேயரை அவள் தலையணை ஓரம் வைத்துவிட்டுக் காய்கறி வாங்கப் போய்விட்டேன். ஃபைலை அழிக்கவில்லை.

திரும்பி வந்தபோது உப்பு டப்பாவுக்கு அடியில் தாள் இருந்தது. பையைக் கீழே வைக்காமலே படித்தேன். அவளுடைய குண்டு எழுத்து, வரி வரியாக, கொஞ்சம் மேலும் கீழும் ஏறி இறங்கி.

*பக்கம் 1: கொம்பு பிரியவில்லை. சரி.*

*பக்கம் 2, "ராத்திரியெல்லாம் இருமுகிறாள்": ராத்திரியெல்லாம் இல்லை. விடியற்காலையில் மட்டும்.*

*பக்கம் 3, "நான் எட்டாம் வகுப்பில் ஃபெயிலானதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள்": எட்டாம் வகுப்பு இல்லை. ஏழாம் வகுப்பு.*

*பக்கம் 4, "பாத்ரூம் விளக்கை அணைப்பதே இல்லை": எரிகிறதா அணைந்திருக்கிறதா என்று பகலில் எனக்குத் தெரிவதில்லை.*

*பக்கம் 5: சொல் மடிப்பு நன்றாக இருக்கிறது.*

*பக்கம் 6: பிழை இல்லை.*

ஆறாம் பக்கத்தில் தம்பிக்கு என்ன எழுதியிருந்தேன் என்று பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. 'கண் கொஞ்சமாவது தெரியும்போதே நீ வந்து அழைத்துக்கொண்டு போய்விட்டால் நல்லது. முழுக்கப் போன பிறகு அனுப்பினால் நாலு பேர் என்னைத்தான் பேசுவார்கள்.'

பையிலிருந்து ஒரு வெங்காயம் உருண்டு மேசைக்கு அடியில் போனது. குனிந்து தேடினேன். தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் அங்கேயே குனிந்திருந்தேன்.

அக்கா அவள் அறையில் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். காதில் பாட்டு இல்லை.

"அக்கா."

"வெண்டைக்காய் கிடைச்சுதா?"

"அக்கா, அது வந்து, சும்மா ஏதோ கோபத்துல..."

"திறந்ததும் ஆறாம் பக்கம் வந்துது. நான் கேட்ட மாதிரியே, விட்ட இடத்துலயே. என்ன கதைடா இது, நடுவுல இருந்து தொடங்குதேன்னு முதல் பக்கத்துக்குப் போனேன். புரூஃப்காரி புத்தி. பாதியில கீழே வைக்க வரலை."

"நான் அனுப்பலைக்கா."

"தெரியும். ரெண்டு நாள் ஆறப் போடுவே."

"அழிச்சிடறேன். இப்பவே."

"எதுக்கு? எழுத்து தெளிவா இருந்துதுடி. மூணு மாசமா நான் இவ்வளவு தெளிவா எதையும் படிக்கலை."

அவள் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். நாங்கள் அப்படி வளர்ந்தவர்கள்தான். அவள் புடவையின் நுனியைப் பிடித்து நுனியோடு சேர்த்து, விரலால் தடவிப் பார்த்து மடித்தாள். கண் அந்தப் பக்கமே போகவில்லை. எத்தனை நாளாக இப்படித் தடவி மடிக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில்தான் இருக்கிறேன்.

"நீ எங்கயும் போக வேண்டாம்க்கா. இங்கயே இரு."

"இதை ஏழாம் பக்கத்துல எழுதியிருந்தியானா நம்பியிருப்பேன்."

கூடத்தில் போன் அடித்தது. தம்பி.

"என்ன சின்னக்கா, காலையிலேயே ரகளையாமே?" என்றான் சிரித்துக்கொண்டே.

"என்ன ரகளை?"

"பெரியக்கா போன் பண்ணுச்சு. 'கொஞ்ச நாள் உன்கூட வந்து இருக்கணும்போல இருக்குடா, உன் பொண்டாட்டி கையால சாப்பிட்டு நாளாச்சு'ன்னுச்சு. நீதான் அனுப்ப மாட்டேன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறியாம். அழுதியாமே?"

நான் அறையைத் திரும்பிப் பார்த்தேன். அக்கா அடுத்த புடவையை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"சின்னக்கா? இருக்கியா?"

"இருக்கேன்."

"அது பிடிவாதம்தான் உனக்குத் தெரியுமே. ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன். நீ தனியா என்ன பண்ணுவேன்னு என் பொண்டாட்டி இப்பவே கவலைப்படுறா. மூணு வருஷம் வச்சுப் பார்த்தியே, வேற யாரு பார்ப்பாங்க? வருத்தப்படாதேக்கா."

இல்லைடா, அப்படி இல்லை என்று சொல்ல வேண்டியதுதான். வாய் திறந்தேன். "சரிப்பா" என்றேன். போனை வைத்தபிறகும் கை அதன் மேலேயே இருந்தது.

"என்னவாம்?" என்று உள்ளேயிருந்து கேட்டாள், தெரியாதவள் மாதிரி.

"ஏன்க்கா அவன்கிட்ட அப்படிச் சொன்னே?"

"வேற எப்படிச் சொல்றது? ஆறாம் பக்கத்தைப் படிச்சுக் காட்டவா? நாலு பேர் பேசினா உனக்கு ஆகாதே."

அவ்வளவுதான். அதற்கு மேல் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. வெண்டைக்காயை அவளே நறுக்கினாள், விரலைக் காயோடு அணைத்து மெதுவாக. நான் நறுக்குகிறேன் என்றதற்கு, "உன் வெண்டைக்காய் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அளவுல இருக்கும்" என்றாள்.

மறுநாள் உப்பு டப்பாவுக்கு அடியில் இன்னொரு தாள். ஒரே வரி: *எழுத்து இன்னும் பெரிதாக. ஞாயிறுக்குள்.*

"இதுக்கு மேல பெரிசு பண்ணினா வரிக்கு மூணு எழுத்துதான் வரும்க்கா. ஒரு சொல்லுக்கு ரெண்டு தடவை பட்டனை அமுக்கணும்."

"அமுக்கறேன். அங்க எனக்கு யாரு இருக்கா சரி பண்ணிக் கொடுக்க? அவனுக்கு டிவி ரிமோட்டே பெரிய வித்தை."

மூன்று நாள் அதிலேயே உட்கார்ந்தேன். சனிக்கிழமை மத்தியானம் முடிந்தது. சோதிக்க ஒரு கதையை ஏற்றப் போனேன்.

"அது எதுக்கு?" என்றாள் அக்கா. வாசல் ஓரம் அவள் பெட்டி ஏற்கெனவே நின்றது. "நீளமான வாக்கியம் உள்ள ஃபைல்தான் உள்ளேயே இருக்கே. அதுலயே பாரு."

"அக்கா, வேண்டாம்க்கா."

"பழைய ஃபைல்ல பார்த்தாத்தானேடி புதுசு எப்படி இருக்குன்னு தெரியும்? நான் அதைத்தான் படிச்சேன். நீயும் அதையே படி."

கேலியாகச் சொன்னாளா, புரூஃப்காரியாகச் சொன்னாளா, அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. பட்டனை அமுக்கினேன். விட்ட இடத்திலேயே திறந்தது. திரை முழுக்க மூன்றே எழுத்து, கன்னங்கரேலென்று. அமுக்கினேன். அடுத்த மூன்று. என் வாக்கியம் அவ்வளவு மெதுவாக என் முன்னால் வந்ததே இல்லை. எழுதும்போது ஒரு மூச்சில் எழுதியது. 'நாலு' என்று வந்தது. 'பேர்' என்று வந்தது. விரல் நின்றுவிட்டது.

ப்ளேயரின் பட்டன் ஒவ்வொரு தடவையும் டக்கென்று சத்தம் போடும். சத்தம் நின்றது அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"என்ன, நிறுத்திட்டே?"

"கண்ணு கரிக்குதுக்கா."

"பாதியில விடாதே. கடைசி வரைக்கும் பாரு. நீ எப்பவும் கடைசி வரியிலதான் கோட்டை விடுவே."

புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டனை அமுக்கினேன். அவள் சுவரைப் பார்த்தபடி தலையைச் சாய்த்து, ஒவ்வொரு டக்கையும் எண்ணிக்கொண்டிருந்தாள்.