ஒரு கோர்ஸ், இரண்டு பேர்

சிகரெட்டை விடுவதற்காக ஒருவருக்கு வாங்கிய மாத்திரையை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டால் தலைக்குச் செலவு பாதியாகும் என்று கண்டுபிடித்தவர், அந்த டப்பாத் தொழிற்சாலையின் கணக்கர். கண்டுபிடிப்பு ஏழாவது வாரம் கிடங்கின் பின்பக்கத்தில் அம்பலமானது. கணக்கரும், 'கரடி' என்று எல்லோரும் கூப்பிடும் ஃபோர்க்லிஃப்ட் டிரைவரும் ஆளுக்கொரு சிகரெட்டோடு சுவரில் சாய்ந்திருக்க, எதிரே தொழிற்சாலை நர்ஸ் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"பன்னிரண்டு வாரத்துக்குக் கொடுத்தேனே, எங்க சார் போச்சு?"

"எனக்கு ஆறு வாரம், இவருக்கு ஆறு வாரம்" என்றார் கணக்கர்.

"பங்கு போட்டுத் திங்கிறதுக்கு இது என்ன பிஸ்கட் பாக்கெட்டா? டாக்டர் உங்களுக்குத்தானே எழுதினார்? இவருக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

"அண்ணன்தான் சிஸ்டர், ஒரு செலவுல ரெண்டு பேர் விட்டுடலாம்னாரு" என்றான் கரடி. கையெல்லாம் ரோமம் அடர்ந்த அத்தனை பெரிய ஆள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி போட்டுக்கொடுத்தான்.

கணக்கருக்கு இது ஐந்தாவது தோல்வி. முதல் நான்கும் சும்மா வைராக்கியத்தில் விட்டுப் பார்த்தவை. எதுவும் ஒரு வாரம் தாண்டியதில்லை. மாத்திரையோடு ஐந்து வாரம் தொடாமல் இருந்தார். அதனால்தான் இந்த முறை வலித்தது.

"இன்னொரு தடவை முழுசா எடுத்தா எனக்குப் பலிக்குமா சிஸ்டர்?"

"நாலு பேர் எடுத்தா ஒருத்தர் வருஷம் கழிச்சும் தொடாம இருப்பாரு. மாத்திரை இல்லாம அதுல பாதிகூடத் தேறாது."

"அந்த ஒருத்தர் நானா?"

"அது ஆளைப் பொறுத்தது."

இந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கோர்ஸின் விலையோ அவருடைய பாதிச் சம்பளம். முதல் கோர்ஸை வாங்கியது கம்பெனி. இவரை வைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டு, சரிப்பட்டால் புகைக்கிற நாற்பது பேருக்கும் வாங்கலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை அறிக்கை கொடுக்க வேண்டும். 'மாத்திரையால் பயனில்லை' என்று ஒரே வரியில் எழுதினால் மானம் தப்பும்.

எழுதவும் உட்கார்ந்தார். கரடி வந்து மேஜையோரம் நின்றான்.

"நாலாவது வாரம்ணே, எம்பொண்ணு என் சட்டையை மோந்து பாத்தா. பாத்துட்டு அவளா வந்து மடியில உக்காந்தா. அதையும் சேத்து எழுதுங்க."

அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று கணக்கருக்குத் தெரியவில்லை. ஆனால் 'பயனில்லை' என்ற அந்த ஒரு வரியை எழுத அதன்பிறகு கை வரவில்லை. மருத்துவச் செலவுக் கோப்பை இறக்கினார். மூன்று வருடத்தில் புகைக்கிறவர்களில் இரண்டு பேருக்கு இதய அறுவை. ஒரு அறுவைக்குக் கம்பெனி கட்டிய தொகையில் நாற்பது பேருக்கும் கோர்ஸ் வாங்கி, மிச்சத்தில் கிடங்குக்குப் புதுக் கூரையும் போடலாம். நாற்பதில் முப்பது பேர் தோற்றாலும் நஷ்டமில்லை. கடைசியில், சோதனை கெட்டது மாத்திரையால் அல்ல, கணக்கரின் புத்திசாலித்தனத்தால் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மேனேஜர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு நாற்பது பேருக்கும் வாங்கச் சொன்னார். இல்லை, முப்பத்தொன்பது பேருக்கு. கணக்கருக்குத்தான் ஏற்கெனவே ஒன்று கொடுத்தாயிற்றே.

ஆக, இனி சொந்தக் காசு. மனைவியிடம்தான் கேட்க வேண்டும். அவள் பல் டாக்டரிடம் உதவியாளர். 'வலிக்குமா?' என்று கேட்கிறவர்களிடம் 'வாயைத் திறங்க' என்று சொல்லியே பழகியவள். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் வீட்டிலும் அதே பதில்தான்.

சாயங்காலம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். பங்கு போட்ட இடத்தில் அவள் தலையணை உறையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

"சிரிச்சாச்சா? நாலுல மூணு பங்கு வீணாப் போற காசு இது. என் பழைய ரெக்கார்டைப் பாத்தா அதைவிட மோசம். கணக்குப்படி என்மேல போடக் கூடாது."

"இந்தப் போர்வையோட அந்த நுனியைப் பிடிங்க."

பிடித்தார். "கேட்டதுக்குப் பதில் சொல்லு. வாங்கலாமா, வேண்டாமா?"

"உதறுங்க."

உதறினார். "டாக்டரைக் கேட்டா மனசைப் பொறுத்ததுங்கிறார். நர்ஸைக் கேட்டா ஆளைப் பொறுத்ததுங்கிறாங்க. நீயாவது நேரா ஒண்ணு சொல்லேன். எனக்காக இவ்வளவு செலவு பண்றது தகுமா?"

இருவரும் நுனிகளைச் சேர்க்கப் பக்கத்தில் வந்திருந்தார்கள். அவள் போர்வையை வாங்கிக்கொள்ளவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள்.

"தகும். பலிக்காமப் போகலாம், போனா மறுபடியும் வாங்குவேன். நீங்க எனக்கு ரொம்ப நாள் வேணும்."