யாருடைய சாபம்

பாம்பனில் வேளாங்கண்ணி என்ற விதவைக்கு இருந்த ஒரே பிழைப்பு, புருஷன் விட்டுப்போன வலை. கூலியாட்கள் இரவில் கடலில் விரித்துவிட்டு வந்த அந்த வலை விடியலில் பாதிதான் கிடைத்தது. ஓரம் கத்தியால் அறுபட்டிருந்தது.

இது தங்கச்சி லீமாரோஸின் புருஷன் எட்வர்ட்டின் வேலைதான் என்று அவளுக்குத் தோன்றியது. அப்பன் விட்டுப்போன மனைக்காக இரு வீட்டுக்கும் பேச்சு முறிந்து மாதங்களாகியிருந்தன.

நேராகக் கோயில் உபதேசியார் வேதமுத்துவிடம் போனாள்.

"பைபிள்ல, சங்கீதத்துல ஒரு சாபப் பாட்டு இருக்காமே. எட்வர்ட்ட நெனச்சு வாசிங்க."

"அது மந்திரமில்லம்மா, செபம்."

"நானும் செபந்தான் கேக்குறேன்."

வாசலை விட்டு அவள் நகரவில்லை. வாசித்தால் போய்விடுவாள் என்று நினைத்து வேதமுத்து புத்தகத்தைத் திறந்தார். எபிரேயர்களின் பழைய பாட்டு. பொய் பேசித் தன்னைச் சூழ்ந்தவர்களைப் பற்றிக் கடவுளிடம் முறையிட்டு ஆரம்பித்தது. பிறகு சாபமாகக் கொட்டியது. அவன் ஆயுசு குறையட்டும், பிள்ளைகள் பிச்சையெடுக்கட்டும், பெண்டாட்டி தாலியறுக்கட்டும்.

"நிறுத்துங்க!" என்றாள் வேளாங்கண்ணி. அந்தப் பெண்டாட்டி அவளுடைய லீமா அல்லவா? ஆனால் அந்த வரி அவர் வாயைவிட்டு வந்துவிட்டது.

மறுநாள் வாடைக்காற்று எழுந்தது. போன வள்ளங்களெல்லாம் பதறிக்கொண்டு கரை திரும்பின. எட்வர்ட்டின் வள்ளம் மட்டும் வரவில்லை.

வேளாங்கண்ணிக்கு நிலைகொள்ளவில்லை. உலையை வைத்தாள், இறக்கினாள். தங்கச்சி தெருவரைக்கும் போய்த் திரும்பினாள். கடைசியில் மறுபடியும் வேதமுத்துவிடம் ஓடினாள்.

"வாசிச்சத எப்படித் திருப்பி எடுக்குறது?"

அவர் முன்னால் அதே பக்கம் திறந்திருந்தது. "எனக்கும் இருப்புக் கொள்ளலம்மா. திரும்பத் திரும்பப் படிச்சேன். பாட்டுக்காரன் மொதல்ல 'அவங்க, அவங்க'ன்னு பல பேரச் சொல்றான். சாபம் வாற எடத்துல மட்டும் திடீர்னு 'அவன்'னு ஒத்த ஆளாயிருது. ஊரு தன்மேல விட்ட சாபத்தத்தான் சாமிகிட்ட ஒப்பிக்கிறானோ என்னமோ."

"அப்ப சாபம் விட்டது அவன் இல்லையா?"

"தெரியல. ரெண்டு மாதிரியும் படிக்கலாம்."

"கடைசியில என்ன சொல்றான்?"

"நான் ஏழை, நெஞ்சு புண்ணாப் போச்சு, நீதான் காப்பாத்தணும்னு அழுறான்."

"அத நேத்தே வாசிச்சிருக்கலாமே!"

"நீதானே நிறுத்தச் சொன்ன?"

அவள் கரைக்கு நடந்தாள். லீமாரோஸ் பிள்ளைகளோடு கடலைப் பார்த்தபடி நின்றிருந்தாள். அக்காளைக் கண்டதும் அவள் கையைப் பற்றிக்கொண்டாள். அந்தப் பிடியை வேளாங்கண்ணியால் தாங்க முடியவில்லை.

"லீமா, நான் ஒம் புருஷன் மேல சாபப் பாட்டு வாசிக்கச் சொன்னேன்."

லீமாரோஸ் கையை உதறினாள். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தள்ளிப்போய் நின்றாள். வேளாங்கண்ணி அங்கிருந்து போகவும் இல்லை, அவர்களை நெருங்கவும் இல்லை. மணலில் இங்கும் அங்கும் நடந்தாள். 'காப்பாத்து' என்பதற்கு மேல் அவளுக்குச் செபம் வரவில்லை.

பொழுது சாயும்போது மண்டபத்திலிருந்து வந்த ரயிலில் எட்வர்ட் வந்து இறங்கினான். காற்று அவன் வள்ளத்தைப் பெரியபட்டினத்தில் கொண்டுபோய் ஒதுக்கியிருந்தது. அங்கே சதக் என்பவர் மாற்றுத்துணியாகக் கொடுத்த சாரத்தை இடுப்பில் கட்டியிருந்தான். லீமாரோஸ் அவன் நெஞ்சில் முட்டி முட்டி அழுதாள்.

பின்னாலேயே அவர்கள் வீட்டுக்குப் போன வேளாங்கண்ணி வாசலில் நின்று கேட்டாள்:

"வலைய அறுத்தது நீதானே எட்வர்ட்டு?"

"ஆமா மதினி. ஒங்க வலையில எங்க நங்கூரம் மாட்டிக்கிருச்சு. அறுக்காட்டி வள்ளம் கவுந்திருக்கும். சொன்னா நம்ப மாட்டீகன்னு வாய மூடிக்கிட்டேன்."

நம்புவதா வேண்டாமா என்று அப்போதும் அவளுக்குத் தெரியவில்லை. தான் செய்ததைச் சொன்னாள். எட்வர்ட் தலை குனிந்தான்.

"நானும் ஒங்களப் பத்தி ஊரெல்லாம் கண்டபடி பேசிட்டுத்தான் திரிஞ்சேன்."

லீமாரோஸ் சோறு போட்டாள். அக்காளுக்கும் ஒரு தட்டு வைத்தாள். சாப்பிடு என்று மட்டும் சொல்லவில்லை. வேளாங்கண்ணி தட்டின் முன்னால் உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் உப்புப் போடு லீமா" என்றாள்.

லீமாரோஸ் அவள் முகத்தைப் பார்க்காமல் உப்பு மரவையை நகர்த்தி வைத்தாள்.